ஏழாவதுக்கு டியூஷன், கோளாறு நாலாவதில்

ஆவடியிலிருந்து முத்தாபுதுப்பேட்டை போகிற வழியில் மின்கம்பங்களிலும் மளிகைக்கடை ஷட்டர்களிலும் ஒட்டியிருக்கும் டியூஷன் நோட்டீஸ்களை நின்று படித்திருக்கிறீர்களா? எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். முதல் வரி பாடத்திட்டம்: ஸ்டேட் போர்டு, மெட்ரிக், சி.பி.எஸ்.இ. இரண்டாவது வரி வகுப்பு: எல்.கே.ஜி. முதல் பத்தாவது வரை. மூன்றாவது வரி: அனைத்துப் பாடங்களும். அதற்குக் கீழே கொஞ்சம் பெரிய எழுத்தில் "தனிக் கவனம் செலுத்தப்படும்". கடைசியில் இந்தி, அபாகஸ், கையெழுத்துப் பயிற்சி, ஒரு கைபேசி எண். முடிந்தது.

இந்த நோட்டீஸை ஒரு பிரதியாக வைத்து விமர்சனம் எழுதினால் என்ன என்றுதான் இந்தக் குறிப்பு. ஏனென்றால் ஆறாவது, ஏழாவது, எட்டாவது படிக்கும் பிள்ளைக்குக் கணக்கு வரவில்லை என்று ஆள் தேடும் அப்பா அம்மாவுக்கு இங்கே கிடைக்கிற முதல் தகவல் இதுதான். அந்தத் தகவல் தவறான கேள்விக்குச் சரியான பதிலாக இருக்கிறது.

முதலில் ஒரு சின்ன வேடிக்கை. ஸ்டேட் போர்டு, மெட்ரிக் என்று இரண்டாகப் போடுகிறார்களே, 2010-ஆம் ஆண்டின் சமச்சீர்க் கல்விச் சட்டத்துக்குப் பிறகு இரண்டுக்கும் ஒரே பாடத்திட்டம்தான். ஆகவே நோட்டீஸில் இருக்கும் மூன்று பாடத்திட்டம் உண்மையில் இரண்டு. ஆனாலும் மெட்ரிக் என்ற சொல்லை யாரும் எடுப்பதாக இல்லை. அது பாடத்திட்டத்தின் பெயராக இருந்த காலம் போய், பள்ளிக்கூடத்தின் அந்தஸ்தைச் சொல்லும் பெயராகிவிட்டது. நோட்டீஸ் எழுதுகிறவருக்கு அது நன்றாகத் தெரியும்.

"அனைத்துப் பாடங்களும்" என்ற வரியும் "தனிக் கவனம்" என்ற வரியும் ஒரே தாளில் வருவதுதான் எனக்கு உறுத்தல். மாலை ஐந்தரைக்கு ஒரு வீட்டு ஹாலில் பதினைந்து பிள்ளைகள். மூன்றாவது படிக்கிற குட்டி ஒன்று தமிழ் எழுதுகிறது, ஒன்பதாவது பையன் வேதியியல் ஒப்பிக்கிறான், நடுவில் ஏழாவது படிக்கிற மூன்று பேருக்கு நாளைக்குக் கணக்கு ஹோம்வொர்க். மிஸ் ஒருவர்தான். இரண்டு மணி நேரத்தைப் பதினைந்தால் வகுத்தால் தலைக்கு எட்டு நிமிஷம். அந்த எட்டு நிமிஷத்தில் அவரால் செய்யக்கூடியது ஒன்றுதான்: கணக்கைப் போட்டுக் காட்டுவது. பிள்ளை அதைப் பார்த்து எழுதும். நோட்டில் சிவப்பு மை டிக் விழும். வீட்டில் நிம்மதி.

டியூஷன் மிஸ்களை இதற்காகக் குறை சொல்ல வரவில்லை. அவர்கள் விற்பது ஹோம்வொர்க் முடிந்த நோட்டு. வாங்குகிறவர்கள் கேட்பதும் அதுதான். சிக்கல், அதைக் கணக்குச் சொல்லிக்கொடுத்தல் என்ற பெயரில் இரு தரப்பும் நம்பிக்கொண்டிருப்பது.

முத்தாபுதுப்பேட்டையில் இந்தச் சிக்கலுக்கு இன்னொரு சுற்று உண்டு. இது ஊரும் விமானப்படை முகாமும் கலந்த இடம். விமானப்படை வளாகத்துக் கேந்திரிய வித்யாலயாவில் படிக்கும் பிள்ளைகளில் பலர் அப்பாவுக்கு மாற்றல் வரும்போதெல்லாம் ஊர் மாறுகிறவர்கள். பஞ்சாபில் மூன்றாவது, அசாமில் ஐந்தாவது, இங்கே ஏழாவது என்று ஓடுகிற படிப்பு. புத்தகம் எல்லா ஊரிலும் ஒன்றுதான், என்.சி.இ.ஆர்.டி. ஆனால் ஒரு ஊரில் பின்னம் நடத்துவதற்கு முன்பே கிளம்பி, அடுத்த ஊரில் பின்னம் நடத்தி முடித்த பிறகு போய்ச் சேர்கிற பிள்ளைக்கு அந்த அத்தியாயம் வாழ்க்கையில் நடக்கவே இல்லை. அதே தெருவில் உள்ளூர்ப் பிள்ளை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படிக்கும், பக்கத்து வீட்டுப் பிள்ளை தனியார் பள்ளியில் ஆங்கில வழியில். மூவரும் போவது ஒரே டியூஷனுக்கு.

புத்தகமும் அண்மையில் மாறியிருக்கிறது. கேந்திரிய வித்யாலயாவில் ஆறாவதுக்கு 2024-லும் ஏழாவதுக்கு 2025-லும் 'கணித பிரகாஷ்' என்ற புதுப் புத்தகம் வந்தது. அதில் குறை எண்களைச் சொல்ல ஒரு பல மாடிக் கட்டடமும் லிஃப்டும் வருகின்றன: பூஜ்ஜியம் தரைத்தளம், கீழே போனால் மைனஸ். நல்ல உத்திதான். வழக்கமான வெப்பமானி உதாரணத்தைவிடத் தேவலாம் என்று நினைக்கிறேன். லே-யிலிருந்து மாற்றலாகி வந்த பிள்ளைக்கு மைனஸ் டிகிரி அனுபவம், இங்கேயே பிறந்ததற்கு ஃப்ரிட்ஜின் மேல் தட்டைத் தாண்டி மைனஸ் கிடையாது. ஆனால் புத்தகம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது தன் வகுப்பிலிருந்துதான் ஆரம்பிக்கும். ஏழாவது புத்தகம் ஆறாவது முடித்த பிள்ளைக்கு எழுதப்பட்டது. ஆறாவதில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு இல்லை.

இங்கேதான் விஷயத்தின் நடுப்புள்ளி. நடுநிலை வகுப்பில் கணக்கு வராத பிள்ளைக்கு அந்த வகுப்புக் கணக்கு மட்டும் வராமல் இருப்பது அபூர்வம். எங்கேயோ கீழே ஒரு படி உடைந்திருக்கும். அது எந்தப் படி என்று பிள்ளைக்கும் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. ஆனால் பிள்ளை போட்ட தப்பான கணக்குக்குத் தெரியும்.

சில தப்புகளைப் பார்ப்போம். 612-ஐ 6-ஆல் வகுக்கச் சொன்னால் 12 என்று எழுதும் பிள்ளை. 6-இல் 6 ஒரு தடவை, 1-இல் 6 போகாது, 12-இல் 6 இரண்டு தடவை. எல்லாம் சரி. "போகாது" என்ற இடத்தில் ஒரு பூஜ்ஜியம் வைக்க வேண்டும் என்பதை விட்டுவிட்டது. இதை 'கவனக்குறைவு' என்று சிவப்பு மையில் எழுதுவது வழக்கம். கவனக்குறைவே இல்லை. இடமதிப்பு என்றால் என்ன என்பது விட்டுப்போயிருக்கிறது. 600 சாக்லேட்டை ஆறு பேருக்குப் பிரித்தாலே ஆளுக்கு 100 வருமே, 612-க்கு எப்படி 12 என்று கேட்டால் பிள்ளை விழிக்கும். விழித்தால் நல்லது. விழிக்காமல் "அதான் மிஸ் போட்ட மாதிரியே போட்டேன்" என்றால் உடைந்த படி நாலாவதில் இருக்கிறது என்று அர்த்தம்.

0.35 பெரியதா 0.4 பெரியதா? 35 பெரிசு, ஆகவே 0.35. இது ஐந்தாவது, ஆறாவது. மைனஸ் 3, மைனஸ் 5 சேர்ந்தால்? பிளஸ் 8. ஏனென்றால் "மைனஸும் மைனஸும் பிளஸ்". பெருக்கலுக்குச் சொன்ன மந்திரத்தைப் பிள்ளை கூட்டலுக்கும் ஓதுகிறது. மந்திரமாகச் சொல்லிக்கொடுத்தால் மந்திரமாகத்தான் ஓதும். மூன்று ரூபாய் கடன், மேலே ஐந்து ரூபாய் கடன் வாங்கினால் கையில் எட்டு ரூபாய் வந்துவிடுமா என்று ஒரு தடவை கேட்டால் போதும். அந்த ஒரு தடவைக்குத்தான் எட்டு நிமிஷத்தில் இடமில்லை.

எனக்குப் பிடித்த தப்பு பின்னத்தில். அரையும் காலும் கூட்டு என்று எழுத்தில் கொடுத்தால், 1/2 + 1/4 = 2/6 என்று போடும் பிள்ளைகள் நிறைய. மேலே மேலேயும் கூட்டு, கீழே கீழேயும் கூட்டு. இதே பிள்ளையிடம் "அரை லிட்டர் பாக்கெட் ஒண்ணு, கால் லிட்டர் பாக்கெட் ஒண்ணு வாங்கினா மொத்தம் எவ்ளோ பால்?" என்று வாயால் கேளுங்கள். யோசிக்காமல் முக்கால் லிட்டர் என்னும். தமிழில் அரை, கால், முக்கால், அரைக்கால் என்று பின்னங்களுக்குத் தனித்தனிப் பெயரே இருக்கிறது, பிள்ளை அதோடுதான் வளர்கிறது. தச்சுவேலை செய்கிறவர் ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல் என்று கணக்கு வைத்து, கால் அங்குலம் என்றால் இரண்டு நூல் என்று கண்ணை மூடிச் சொல்வார். பகுதியைச் சமமாக்குவது என்று புத்தகம் சொல்வதும் அதைத்தானே! ஆக, பிள்ளைக்குப் பின்னம் தெரியும். தாளில் எழுதும் பின்னமும் தான் சொல்லும் பின்னமும் ஒன்றுதான் என்பது தெரியாது. 2/6 என்றால் மூன்றில் ஒன்று, அது அரையைவிடக் குறைச்சல், அரையோடு கொஞ்சம் சேர்த்த பிறகு எப்படிக் குறைந்தது என்று கேட்கிற ஆளே பிள்ளைக்குத் தேவை. "எல்.சி.எம். எடு, எத்தனை தடவை சொல்றது" என்கிற ஆள் தேவையில்லை.

எல்.சி.எம். என்று சொன்னதும் இன்னொன்று. தமிழ் வழியில் படித்த அப்பாவுக்கு மீச்சிறு பொது மடங்கு தெரியும், தொகுதி, பகுதி தெரியும், முழுக்கள் தெரியும். ஆங்கில வழியில் படிக்கும் மகள் டினாமினேட்டர் என்றதும் கையைத் தூக்கிவிடுகிறார். கனரக வாகனத் தொழிற்சாலையிலோ படைத்துறை உடைத் தொழிற்சாலையிலோ அளவெடுத்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் ஆவடி சுற்றுவட்டாரத்தில் எத்தனை பேர்! தசமத்தோடு வாழ்ந்த மனிதர்கள். வீட்டில் இருக்கும் அந்த அறிவு பிள்ளைக்குப் போய்ச் சேராமல் நான்கு சொற்கள் குறுக்கே நிற்கின்றன. அந்தச் சொற்களை ஒரு தாளில் இரண்டு பத்தியாக எழுதிச் சுவரில் ஒட்டினால் பாதி டியூஷன் மிச்சம் என்பது என் எண்ணம். சரி, விட்ட இடத்துக்கு வருகிறேன்.

பிள்ளைகள் இப்படிப் பின்தங்கியிருப்பது நம் தெருவின் கதை மட்டும் இல்லை. கிராமப்புறங்களில் எடுக்கப்படும் அசர் கணக்கெடுப்பு 2024-இல் சொன்னது: நாடு முழுக்க எட்டாவது படிக்கும் பிள்ளைகளில் மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கத் தெரிந்தவர்கள் சுமார் 46 சதவீதம். அதாவது மேலே சொன்ன 612 வகுத்தல் 6. எட்டாவதில் பாதிக்கு மேல் போட முடியவில்லை. அவர்களைத்தான் நாம் இயற்கணிதம் போடச் சொல்கிறோம்.

ஆனால் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது டெல்லியில் நடந்த ஓர் ஆய்வு. கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், அலெஜாண்ட்ரோ கனிமியன் மூவரும் செய்து 2019-இல் அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூவில் வெளியானது. அரசுப் பள்ளிகளில் நடுநிலை வகுப்புகள் படிக்கும் பிள்ளைகளில் சிலருக்குக் குலுக்கல் முறையில் மாலை நேர மையத்தில் இலவச இடம் கொடுத்தார்கள். தினமும் ஒன்றரை மணி நேரம். பாதி நேரம் 'மைண்ட்ஸ்பார்க்' என்ற கணினி மென்பொருள், மீதி நேரம் சுமார் 15 பேர் கொண்ட குழுவுக்கு ஓர் உதவி ஆசிரியர். மென்பொருள் செய்த முக்கியமான காரியம், பிள்ளை எந்த வகுப்பு என்று பார்க்காமல் பிள்ளைக்கு எதுவரை தெரியும் என்று சோதித்து அங்கிருந்து ஆரம்பித்தது. சோதித்தபோது தெரிந்தது: ஆறாவது பிள்ளைகள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருக்கிறார்கள். ஒன்பதாவதில் அது நாலரை வகுப்பு. வருஷம் ஏற ஏற இடைவெளி அகலமாகிறது. குலுக்கலில் இடம் கிடைக்காதவர்களில் கடைசி மூன்றில் ஒரு பங்கினர் அந்தக் காலம் முழுக்கப் பள்ளிக்குப் போயும் ஏறக்குறைய ஒன்றுமே முன்னேறவில்லை.

நாலரை மாதம் கழித்து ஆய்வாளர்கள் தனியாக வைத்த தேர்வில், மையத்துக்கு இடம் கிடைத்த பிள்ளைகள் கணக்கில் 0.37 திட்ட விலக்கம் முன்னே இருந்தார்கள். கல்வி ஆய்வுகளில் இது பெரிய எண். ஆனால் பள்ளிக்கூடம் வைத்த கணக்குத் தேர்வில்? குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதுவும் இல்லை.

இந்த முடிவைத்தான் டியூஷன் தேடும் ஒவ்வொரு வீட்டிலும் சத்தமாகப் படிக்க வேண்டும். பிள்ளை உண்மையிலேயே கற்றிருக்கிறது, மார்க் ஏறவில்லை. காரணம் சிக்கலானது இல்லை. மென்பொருள் நாலாவது, ஐந்தாவது கணக்கைச் சொல்லிக்கொடுத்தது, பள்ளி ஏழாவது, எட்டாவது கணக்கைக் கேட்டது. நாலிலிருந்து ஆறுக்கு ஏறிய பிள்ளை ஏழாவது தேர்வில் இன்னும் ஃபெயில்தான். ஏறினதை அளக்க அந்தத் தேர்வில் கோடே இல்லை.

இப்போது அந்த ஹாலுக்குத் திரும்புவோம். ஒரு நல்ல மிஸ், உண்மையிலேயே திறமையானவர், பிள்ளையின் தப்பைப் பார்த்து உடைந்த படியைக் கண்டுபிடித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். வகுத்தலையும் பின்னத்தையும் எடுத்து உட்கார வைக்கிறார். இரண்டாவது வாரம் அம்மா வருவார். "மிஸ், இவன் ஏழாவது. நீங்க நாலாவது கணக்கு போட வைக்கிறீங்களாமே? ஸ்கூல்ல ஹோம்வொர்க் முடிக்கலன்னு டைரில எழுதி அனுப்பிட்டாங்க." மிஸ் என்ன சொல்வார்? "அடிப்படை வீக்கா இருக்கும்மா, கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்பார். முதல் மாதம் பொறுப்பார்கள். காலாண்டுத் தேர்வில் மார்க் ஏறவில்லை என்றால் அடுத்த மாதம் பிள்ளை இரண்டு தெரு தள்ளி வேறு டியூஷனில் இருக்கும். அங்கே ஹோம்வொர்க் முடிந்துவிடும். சரியான வேலையைச் செய்த மிஸ் ஒரு ஃபீஸை இழந்தார். அடுத்த பிள்ளைக்கு அவரும் ஹோம்வொர்க்கே முடித்துக் கொடுப்பார்.

இதனால்தான் நோட்டீஸில் பாடத்திட்டமும் வகுப்பும் இருக்கின்றன, பிள்ளை இல்லை. சந்தை எதற்குக் காசு கொடுக்கிறதோ அதை நோட்டீஸ் எழுதுகிறது. நல்ல ஆள் கிடைப்பதில்லை என்று புலம்புகிறோம். நல்ல ஆளை மூன்று மாதம் வைத்துக்கொள்ளும் வாடிக்கையாளர்தான் அதைவிட அபூர்வம்.

உலகத்திலேயே பிரபலமான நடுநிலைக் கணக்கு டியூஷன் எது தெரியுமா? 2004-இல் பாஸ்டனில் வேலை பார்த்த சல்மான் கான், நியூ ஆர்லியன்ஸில் இருந்த 12 வயது உறவுக்காரப் பெண் நாடியாவுக்குத் தொலைபேசி வழியாகச் சொல்லிக்கொடுத்தது. கான் அகாடமி அதிலிருந்துதான் பிறந்தது. அந்தப் பெண்ணைப் பள்ளியில் கணக்கு வராதவர்கள் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். தடையாக இருந்தது அலகு மாற்றம் என்ற ஒரே ஒரு பாடம். அதைக் கண்டுபிடித்து அங்கே உட்கார்ந்தார்கள், பிறகு மறுதேர்வு எழுதித் தாண்டினாள். இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் வீடியோவைத்தான் கொண்டாடுகிறார்கள். எனக்கென்னவோ வீடியோ வருவதற்கு முன்னால் நடந்ததுதான் முக்கியமாகப் படுகிறது. ஒரு மனிதர், ஒரு பிள்ளை, எங்கே நின்றது என்ற தேடல்.

ஆப் விற்கிறவர்கள் மேற்கோள் காட்டும் இன்னொரு பெயர் பெஞ்சமின் புளூம். தனியாகச் சொல்லிக்கொடுத்தால் சராசரி மாணவன் வகுப்பில் 98 சதவீதம் பேரைத் தாண்டிவிடுவான் என்று 1984-இல் எழுதினார். அந்தக் கட்டுரைக்கு அடிப்படை இரண்டு முனைவர் பட்ட ஆய்வுகள், சில வாரங்கள் மட்டும் நடந்த சோதனைகள். 2011-இல் கர்ட் வான்லேன் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது தனி டியூஷனின் பலன் 0.79 திட்ட விலக்கம் என்று வந்தது. அதுவும் நல்ல எண்தான், ஆனால் புளூம் சொன்ன இரண்டில் பாதிகூட இல்லை. தனி டியூஷன் என்றாலே அதிசயம் நடக்கும் என்று நினைத்து வருமானத்துக்கு மீறிச் செலவு செய்கிறவர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. ஆப்களின் கதையோ ஊருக்கே தெரியும். 2022-இல் 2,200 கோடி டாலர் மதிப்பிடப்பட்ட பைஜூஸ் 2024-இல் திவால் நடவடிக்கைக்குள் போனது. டேப்லெட் வாங்கிய வீடுகளில் அது இப்போது யூடியூப் பார்க்கிறது.

அரசு என்ன செய்தது என்றும் பார்க்க வேண்டும். அரசுக்கு இந்த விஷயம் புரியாமல் இல்லை என்பது என் முடிவு. 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாலையில் ஒன்று முதல் எட்டாவது வரை பிள்ளைகளை உட்கார வைத்தார்கள். அதையும் ஆராய்ந்தார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளைப் பார்த்த ஆய்வு, கொரோனாவில் கணக்கில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு பள்ளி திறந்த ஆறு மாதத்தில் மீண்டது என்றும், அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு இந்த மாலை வகுப்புகளால் என்றும் சொன்னது. ஆயிரம் ரூபாய் வாங்கிய தெருப்பெண் செய்த வேலை அது. டிகிரியைப் பார்த்து டியூஷன் மிஸ்ஸை எடை போடுகிறவர்கள் கவனிக்க.

'எண்ணும் எழுத்தும்' நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே, புழல் பக்கம் அழிஞ்சிவாக்கம் பள்ளியில் 2022 ஜூன் 13 அன்று தொடங்கியது. பிள்ளையின் நிலையைப் பார்த்துத் தனித்தனிக் குழுவாகப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கும் திட்டம். ஆனால் அது முதலில் மூன்றாவது வரை, பிறகு ஐந்தாவது வரை. ஐந்தாவதைத் தாண்டிய பிள்ளையின் கையில் அது விட்டுவிடுகிறது. ஆறு முதல் ஒன்பதாவது வரை அரசுப் பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்துத் தனிப் பயிற்சி தரும் 'திறன்' வந்ததே 2025-இல்தான். வந்தது நல்லது. தாமதம் என்பதும் உண்மை. கேந்திரிய வித்யாலயாவிலும் தனியார் பள்ளியிலும் படிக்கிற முத்தாபுதுப்பேட்டைப் பிள்ளைக்கு இது எதுவும் கிடையாது. அதற்கு அந்த மின்கம்ப நோட்டீஸ்தான் திட்டம்.

பள்ளியிலேயே நல்ல கணக்கு சார் இருக்கிறாரே, அவரிடமே கேட்டால் என்ன? கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 28-ஆவது பிரிவு ஆசிரியர்கள் தனி டியூஷன் எடுக்கக் கூடாது என்கிறது. நியாயமான பிரிவு, வகுப்பில் பாதியை மறைத்து மாலையில் விற்கிற வழக்கத்துக்கு எதிராக வந்தது. ஆனால் அதன் விளைவு, பிள்ளையின் தப்பைத் தினமும் பார்க்கிற ஆள் மாலையில் விலகிவிடுகிறார், பார்க்காத ஆளிடம் பிள்ளை போகிறது. இருவரும் ஒருவரோடொருவர் பேசுவதும் இல்லை. ஒன்றிய அரசு 2024 ஜனவரியில் கொண்டுவந்த பயிற்சி மைய வழிகாட்டுதல்கள் 16 வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்க்கக் கூடாது என்றன. அது 50 பேருக்கு மேல் படிக்கிற மையங்களுக்கு. வீட்டு ஹால் டியூஷனை எந்தச் சட்டமும் எட்டிப் பார்ப்பதில்லை. பார்க்கவும் வேண்டாம் என்றே சொல்வேன், அது பல பெண்களுக்குக் கையில் வரும் ஒரே வருமானம்.

அவசரம் மட்டும் கூடியிருக்கிறது. 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு விதியை மாற்றியது. கேந்திரிய வித்யாலயாக்களில் ஐந்தாவதிலும் எட்டாவதிலும் தேறாத பிள்ளை இரண்டு மாதத்தில் மறுதேர்வு எழுத வேண்டும், அதிலும் தேறாவிட்டால் அதே வகுப்பு. தமிழ்நாட்டு அரசு தன் பள்ளிகளில் இதை ஏற்கவில்லை. ஆகவே முகாமுக்குள் எட்டாவது படிக்கும் பிள்ளையின் அம்மாவுக்கு இந்த வருஷம் மார்க் தேவைப்படுகிறது, அடிப்படை அப்புறம். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அதனாலேயே ஆறாவதில் செய்ய வேண்டிய வேலையை எட்டாவதுக்குத் தள்ளக் கூடாது.

அப்படியானால் எப்படித் தேடுவது? ஆள் தேடும் முன் பிள்ளையின் பழைய நோட்டைத் தேடுங்கள். டிக் போட்ட பக்கங்கள் வேண்டாம், தப்பான பக்கங்கள். அதை எடுத்துக்கொண்டு டியூஷனுக்குப் போய் மிஸ்ஸின் முன்னால் வையுங்கள். "எந்த சிலபஸ்?" என்று கேட்கிறாரா, அல்லது பக்கத்தைப் புரட்டி "இங்க ஏன்மா இப்படி போட்ட?" என்று பிள்ளையிடம் கேட்கிறாரா என்று பாருங்கள். இரண்டாவது வகை ஆள் பட்டாபிராம் இந்துக் கல்லூரியில் கணக்கு படிக்கும் பெண்ணாக இருக்கலாம், முகாமில் இரண்டு வருஷம் இருந்துவிட்டுப் போகப்போகும் பி.எட். படித்த பஞ்சாபி அம்மாவாக இருக்கலாம், மேல் வீட்டு பதினொன்றாவது அக்காவாகக்கூட இருக்கலாம். இது புதுசும் இல்லை. எழும்பூரில் படைவீரர்களின் அநாதைக் குழந்தைகள் விடுதியை 1789-இல் ஏற்ற ஆண்ட்ரூ பெல், இங்கத்திய பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்துவிட்டு, தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையை வளர்த்து 1797-இல் லண்டனில் புத்தகமாகவே போட்டார். மெட்ராஸ் முறை என்று இங்கிலாந்தில் பரவியது. நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளைதான் கப்பலேறிப் போனான்.

கணக்கில் மேதையாக இருப்பவர் வேண்டும் என்பதும் இல்லை. ராமானுஜன் வேலை கிடைக்காத நாட்களில் டியூஷன் எடுத்துப் பார்த்தார். பி.ஏ. பரீட்சைக்கு நுண்கணிதம் கேட்டு வந்த ஒருவர் இரண்டே வாரத்தில் நின்றுவிட்டார். ராமானுஜன் முடிவிலியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாராம், பரீட்சைக்கு அது உதவவில்லை.

ஆள் கிடைத்த பிறகு பேச வேண்டியது ஃபீஸை மட்டும் இல்லை. ஹோம்வொர்க்கை யார் முடிப்பது என்று முதலிலேயே பேசிவிட வேண்டும். மிஸ் அதைத் தொடக் கூடாது என்றால் வீட்டில் யாராவது உட்கார வேண்டும், இல்லையென்றால் பள்ளி டைரியில் சில வாரம் திட்டு விழும் என்று தயாராக வேண்டும். வாரம் மூன்று நாள் பழைய பாடம், இரண்டு நாள் பள்ளிப் பாடம் என்று பிரித்துக்கொள்வது நடைமுறையில் ஒத்துவருகிறது. முன்னேற்றத்தை மார்க்கில் பார்க்காதீர்கள். முதல் நாள் தப்பாகப் போட்ட அதே பத்துக் கணக்கை மாதம் ஒருமுறை எண்ணை மாற்றிக் கொடுங்கள், அதே மாதிரித் தப்பு வருகிறதா, வேறு மாதிரித் தப்பு வருகிறதா என்று பாருங்கள். தப்பு மாறினாலே வேலை நடக்கிறது.

இதற்கெல்லாம் சரியான காலம் மே மாதம். ஹோம்வொர்க் இல்லை, டைரி இல்லை, தேர்வு இல்லை. ஆனால் மே மாதம் டியூஷன்கள் மூடிவிடுகின்றன, திறந்திருப்பவை அபாகஸும் கையெழுத்தும் நடத்துகின்றன. ஏப்ரலிலேயே போய்ப் பேசி, லீவில் தினம் ஒரு மணி நேரம், வகுத்தலும் பின்னமும் மட்டும், ஏழாவது புத்தகத்தைத் திறக்க வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் மாட்டேன் என்பார்கள். மீதிப் பேரில் ஒருவர், எந்தக் கணக்கில் நிற்கிறது என்று பிள்ளையின் நோட்டைக் கேட்பார்.